மூக்குக்குக் கோடு போடாதீர்கள்

கேள்வி: பென்சிலில் முகங்கள் நன்றாக வரைவேன். ஆயில் பெயின்டிங் பழகுவதற்காக டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' ஓவியத்தைப் பார்த்து வரைந்தேன். அளவு சரி, நிறமும் ஓரளவு சரி. ஆனால் மூக்கு மட்டும் ஒட்டவைத்தது போல் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மூக்குக்குக் கோடு போட்டிருப்பீர்கள். பென்சிலில் பழகிய கை அப்படித்தான் போகும். அசலை உற்றுப் பாருங்கள், அந்தப் பெண்ணின் மூக்குத் தண்டும் நமக்கு இடப்பக்கம் தெரியும் கன்னமும் ஒரே நிறத்தில் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கின்றன, நடுவே கோடே கிடையாது, மறுபக்கத்து நிழல்தான் அதை மூக்காகக் காட்டுகிறது. முத்தும் அப்படித்தான். மேலே கெட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே வெள்ளைக் காலரின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவே. காதில் மாட்டும் கொக்கியைக்கூட வெர்மீர் வரையவில்லை! எனக்கு இந்த ஓவியத்தில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

அதனால் அடுத்த முறை எடுத்தவுடனே நிறத்துக்குப் போகாதீர்கள். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு பெயின்டை டர்பன்டைனில் இளக்கி, வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்பதை மட்டும் முழு முகத்துக்கும் போட்டு முடியுங்கள். மெல்லிசாகப் போட்டால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். வெர்மீரும் பழுப்பு, கறுப்பு அடுக்குகளில்தான் தொடங்கியிருக்கிறார், 2018இல் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மவுரிட்ஷெய்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்த ஆய்வில் அது தெரிந்தது. பின்னணி வெறும் கறுப்பு இல்லை, மங்கிப்போன பச்சைத் திரை என்பதும் அப்போதுதான் உறுதியானது. நீங்களும் பின்னணிக் கறுப்பு காய்ந்த பிறகு அதன்மேல் கண்ணாடி போல ஒரு பச்சை அடுக்கு கொடுத்துப் பாருங்கள், முகம் முன்னால் வரும்.

மேல் அடுக்குகளுக்குப் போகப் போக பெயின்டில் எண்ணெய் அதிகமாக வேண்டும், அடி அடுக்கில் குறைவாக இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பிற்பாடு வெடிப்பு விழும். அப்புறம், வெர்மீர் பயன்படுத்திய ஈய வெள்ளை பெயின்ட் நச்சுத்தன்மை உள்ளது, வீட்டில் வேண்டாம். டைட்டானியம் ஒயிட் போதும், ஆனால் அது அடியில் இருப்பதை அப்படியே மூடிவிடும் என்பதால் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

அசல் 44.5க்கு 39 சென்டிமீட்டர்தான், அதே அளவு கேன்வாஸே எடுங்கள். ஃபோனில் பார்த்து வரைந்தால் நிழலுக்குள் இருக்கும் ஷேடு எதுவும் தெரியாது, நல்ல பெரிய பிரின்ட் ஒன்று போட்டுப் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளுங்கள். வாய் ஓரத்தில் இருக்கும் சின்ன வெளிர் பொட்டைக் கடைசியாக வையுங்கள்.