1940களில் ஹாலிவுட் எடுத்த இசையமைப்பாளர் வாழ்க்கைப் படங்களை நம்பலாமா?

கோல் போர்ட்டர், ஜார்ஜ் கெர்ஷ்வின் போன்ற அமெரிக்க இசையமைப்பாளர்களைப் பற்றி 1940களில் வந்த ஹாலிவுட் படங்களில் உண்மை எவ்வளவு, அவை இன்றும் பார்க்கத் தகுந்தவையா என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்க்கை வரலாறு என்ற வகையில் அவற்றுள் பெரும்பாலானவற்றை நம்ப முடியாது. ஆனாலும் நான் அவற்றை மீண்டும் மீண்டும் பார்த்து வருகிறேன்.

1946இல் வெளிவந்த ‘நைட் அண்ட் டே’ படத்தை எடுத்துக்கொள்வோம். போர்ட்டராக நடித்தவர் கேரி கிராண்ட். போர்ட்டர் தன்பாலின ஈர்ப்புடையவர். தம்மைவிட வயதில் மூத்த லிண்டாவை 1919இல் மணந்து, ஒருவர் மீது ஒருவர் ஆழ்ந்த அன்பு கொண்டு வாழ்ந்தவர். 1934 முதல் கடுமையாக அமலுக்கு வந்த தணிக்கை விதிகள் இதில் முதற்பாதியைச் சொல்ல இடம்தரவில்லை. ஆகவே, வேலையில் மூழ்கி மனைவியைக் கவனிக்கத் தவறிய கணவரின் கதையாக அது திரிந்துவிட்டது. 1937இல் குதிரையிலிருந்து விழுந்து இரு கால்களும் நொறுங்கியது மட்டும் உண்மை. படம் எடுக்கப்பட்டபோது போர்ட்டர் உயிரோடு இருந்தார், அதற்கு ஒப்புதலும் தந்திருந்தார்.

என்னை மிகவும் வருத்தியது 1948இல் வந்த ‘வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்’. ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் மெட்டுகளுக்கு வரிகள் எழுதிய லாரன்ஸ் ஹார்ட், ஐந்தடிக்கும் குறைவான உயரமுடையவர். தம் தோற்றத்தைக் குறித்த கூச்சத்தாலும், வெளியே சொல்ல முடியாத தன்பாலின ஈர்ப்பாலும், மதுவாலும் சிதைந்து, 1943இல் தமது 48ஆம் வயதில் நிமோனியாவால் இறந்தவர். படமோ, ஒரு பெண் அவரை மறுத்ததே அந்தத் துயரம் முழுவதற்கும் வேர் என்று காட்டிவிடுகிறது. ஹார்ட் எழுதிய வரிகளைக் கேட்டவர்களுக்கு அந்த விளக்கம் எவ்வளவு சிறியது என்பது புரியும்.

இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு எடுக்கப்பட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். பேசும்படம் வந்தபின் ஸ்டூடியோக்கள் இசைப் பதிப்பகங்களை விலைக்கு வாங்கத் தொடங்கின. வார்னர் பிரதர்ஸ் 1929இலேயே விட்மார்க், ஹார்ம்ஸ் ஆகிய பெரிய பதிப்பகங்களைத் தன்வசமாக்கிக்கொண்டது. உரிமை கையிலிருக்கும் பழைய பாடல்களை மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவர, அவற்றை இயற்றியவரின் வாழ்க்கையைவிட வசதியான கயிறு வேறில்லை. எனவே கதையைப் பாடல்களைக் கோக்கும் நாராக மட்டுமே கொள்வது நல்லது.

பாடல் காட்சிகளுக்கு வந்தால் என் தீர்ப்பு அடியோடு மாறிவிடும். ஜெரோம் கெர்னைப் பற்றிய ‘டில் த க்ளவுட்ஸ் ரோல் பை’ (1946) படத்தின் தொடக்கத்தில், 1927ஆம் ஆண்டின் ‘ஷோ போட்’ இசை நாடகத்திலிருந்து சில காட்சிகள் வருகின்றன. அதில் ஜூலி என்ற பாத்திரத்தில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடுகிறார். கறுப்பின வேர் கொண்டவளாகவும், வெள்ளையரை மணந்தவளாகவும் அமைந்த பாத்திரம் அது. 1951இல், இந்தப் படத்தை எடுத்த எம்.ஜி.எம். ஸ்டூடியோவே அந்த நாடகத்தை முழுநீளப் படமாக எடுத்தபோது, அந்த வேடம் வெள்ளையரான ஆவா கார்ட்னருக்குப் போயிற்று. திரையில் ஹார்னின் ஜூலியைக் காண வேண்டுமென்றால், நம்ப முடியாத கதையைக் கொண்ட இந்தப் படத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், 1945இல் வந்த ‘ராப்சடி இன் ப்ளூ’ படத்தைச் சொல்வேன். கெர்ஷ்வின் 1937இல், 38 வயதில், மூளைக்கட்டியால் இறந்தவர். அவருடைய இழப்பின் ஈரம் காயாத காலத்தில், அவரோடு பழகியவர்களே திரையில் தோன்றுகிறார்கள். இரு காதலியரும் கற்பனைப் பாத்திரங்கள், அவர்கள் வரும் இடங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஏயோலியன் அரங்கில், படத்துக்குப் பெயர் தந்த கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’ இசைப்படைப்பை முதன்முதலாக நடத்திய இசைக்குழுத் தலைவர் பால் ஒயிட்மன், படத்திலும் தாமாகவே நின்று அதை நடத்துகிறார். கெர்ஷ்வினின் நெருங்கிய நண்பரான பியானோ கலைஞர் ஆஸ்கர் லெவன்டும் தாமாகவே வருகிறார். 1935இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஓபராவின் முதல் அரங்கேற்றத்தில் பெஸ் வேடமேற்ற ஆன் பிரவுன் ‘சம்மர்டைம்’ பாடும் காட்சியும் இதில் இருக்கிறது. கெர்ஷ்வின் தம் காதால் கேட்டுத் தேர்ந்தெடுத்த குரல் அது.