செம்பருத்தியில் மாவுப்பூச்சி: முதலில் எறும்பைத் தடுங்கள்

கேள்வி: மாடியில் தொட்டியில் வளரும் எங்கள் செம்பருத்தியின் நுனிகளில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது. இலை சுருண்டு, மொட்டு விரியாமலே உதிர்கிறது. கீழ் இலைகளில் கரி பூசினாற்போல் கறுப்பு. எறும்பும் நிறைய ஏறுகிறது. வேப்பெண்ணெய் இரண்டு முறை தெளித்தும் பூச்சி திரும்ப வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் அம்மா. இது மாவுப்பூச்சிதான். அசுவினிக்கு (செடிப்பேனுக்கு) இப்படிப் பஞ்சு இருக்காது. வெள்ளை ஈ என்றால் செடியைத் தட்டியதும் பறக்கும். இலையில் உள்ள கறுப்பு தனி நோய் அல்ல. மாவுப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற திரவத்தின் மேல் படரும் கரும்பூசணம் அது. அந்தத் திரவத்துக்காகத்தான் எறும்பு வருகிறது. வந்த எறும்பு சும்மா இருப்பதில்லை. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டு போன்றவற்றை விரட்டிவிடுகிறது. அதனால் எறும்பு ஏறும் வரை எந்த மருந்துக்கும் முழுப் பலன் கிடைக்காது. தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி, செங்கற்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் வையுங்கள். கிளைகள் சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடக் கூடாது, அந்த வழியாகவும் எறும்பு ஏறிவிடும்.

அப்புறம், சுருண்டு கொத்தாகிப்போன நுனிகளை வெட்டி, சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். வெட்டியதை அப்படியே குப்பையில் போட்டால் குஞ்சுகள் பக்கத்துச் செடிக்கு ஊர்ந்து போகும். மீதிச் செடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பஞ்சைக் கழுவிவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் நேரே மருந்து தெளிக்கிறார்கள். பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து வழிந்து ஓடிவிடுகிறது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது தெளிக்கலாம். 5 மி.லி. வேப்பெண்ணெயை முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, பிறகு 1 லிட்டர் தண்ணீரில் சேருங்கள். நேரடியாக ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் கிளைக் கவட்டையும் நனையும்படி தெளிக்க வேண்டும். பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். அவற்றை மருந்து எட்டாது. ஆகவே வாரம் ஒருமுறை வீதம் மூன்று முறையாவது தெளித்தால்தான் புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகள் சாகும். வேப்பெண்ணெய்க்குப் பதிலாக மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்தும் தெளிக்கலாம்.

பூவைச் சாமிக்கு வைப்பீர்கள், சிலர் தேநீரும் போடுவார்கள், தேனீயும் வரும். தயவுசெய்து வீட்டுச் செடிக்கு ரசாயன மருந்து வேண்டாம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் தாக்கும். அதைக் கட்டுப்படுத்தியது 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். கடும் விஷம் அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும். வெள்ளை இழைகளோடு, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வேகமாக ஓடும் புழுவைக் கண்டால் அதையும் விட்டுவிடுங்கள். அது பொறிவண்டின் புழு.

கரும்பூசணத்துக்கு 50 கிராம் மைதாவை 1 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் வடிகட்டித் தெளியுங்கள். வெயிலில் காய்ந்து ஏடாக உரியும்போது கறுப்பும் சேர்ந்து வந்துவிடும். யூரியா போடுபவரானால் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். இளந்தளிர் அதிகமானால் மாவுப்பூச்சியும் அதிகமாகும்.

இவ்வளவுக்கும் பிறகு செடி வாடியே நின்றால், மண்ணைக் கிளறி வேரில் வெள்ளை மாவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேரைக் கழுவி, புது மண்ணில் மாற்றி நட வேண்டியிருக்கும்.