மழை பொய்க்கும், வலை பொய்க்குமா?

சென்ற முறை 'மெய்ப்பித்தல்' பற்றி எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'பொய்த்தல்' பற்றியவை. ஒரே கேள்வியைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

'அவன் பொய்த்தான்' என்று கட்டுரையில் எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். சரியா? (கீழக்கரை)

இலக்கணத்தில் பிழை இல்லை. 'தன்நெஞ்சு அறிவது பொய்யற்க' என்ற குறளில் பொய்ப்பவன் மனிதன்தான். ஆனால் இன்றைய உரைநடையில் மனிதன் பொய் சொல்வான். பொய்ப்பது மழையும் கணிப்பும் நம்பிக்கையும். கட்டுரை என்பதால் நான் ஆசிரியர் பக்கம்.

பொய்த்தது, பொய்யாக்கியது, பொய்ப்பித்தது: மூன்றும் ஒன்றுதானே? (சாயல்குடி)

இல்லை. எழுவாயைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது! கணிப்பு தானே பொய்த்தது. தேர்தல் முடிவு கணிப்பைப் பொய்யாக்கியது. ஒரு கூற்று தவறென்று சான்றோடு காட்டினால் அது பொய்ப்பித்தல். எல்லாக் காகமும் கறுப்பு என்பதைப் பொய்ப்பிக்க ஒரே ஒரு வெள்ளைக் காகம் போதும். பொய்ப்பிக்க வழியே இல்லாத கூற்று அறிவியல் ஆகாது என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934-இல் எழுதியது இந்தப் பொருளில்தான்.

'ஆவணங்களைப் பொய்ப்பித்தார்' என்று செய்தியில் படித்தேன். (மண்டபம்)

தவறு. தவறென்று காட்டுவதற்கும் ஆவணத்தில் மோசடி செய்வதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை, falsify. அதை அப்படியே இறக்கிவிட்டார்கள். நமக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு: கள்ளக் கையெழுத்துப் போட்டார், ஆவணம் புனைந்தார், கணக்கை மாற்றி எழுதினார். 'தேதியைத் திருத்தினார்' என்பதிலும் கவனம் தேவை. பிழையைச் சரிசெய்ததும் திருத்தம்தான், மோசடியும் திருத்தம்தான். எதைச் சொல்கிறீர்கள் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

போலிச் சான்றிதழா, பொய்ச் சான்றிதழா? (பரமக்குடி)

அச்சும் முத்திரையும் கள்ளம் என்றால் போலி. போலுதலில் பிறந்த சொல், உண்மையானதைப் போல இருப்பது. அலுவலகமும் கையெழுத்தும் உண்மை, எழுதியிருக்கும் செய்தி உண்மையில்லை என்றால் பொய்ச் சான்றிதழ்.

'பருவமழை பொய்த்தது' என்று எப்போது எழுதலாம்? (தேவிபட்டினம்)

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஐப்பசி பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, அதற்குள் 'மழை பொய்த்தது' என்று தலைப்புப் போடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதே அக்டோபர் 20 வாக்கில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்குத் தவணை இருக்கிறது. அதுவரை மழை தாமதம், மழை குறைவு, அவ்வளவுதான்.

பொய்த்தல் என்றால் சொன்ன சொல் தவறுவது. நம் இராமநாதபுரம் பக்கத்துப் புழுதி விதைப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஈரமே இல்லாத மண்ணில், ஆவணி புரட்டாசியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பார்கள். என் அப்பத்தா மார்கழியில் வயலில் உட்கார்ந்து விரலால் புழுதியைக் கிளறினார். முளைக்காத நெல் அப்படியே கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து ஊதிவிட்டு, "பொய்ச்சுப் போச்சுய்யா" என்றார். அந்த வருடம் அதற்கு முன் ஒரு நாளும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

பட்டினப்பாலை 'வான்பொய்ப்பினும் தான்பொய்யா' என்று காவிரியைப் பாடுகிறது. நமக்கு அப்படி ஓர் ஆறு இல்லை. வைகைத் தண்ணீர் எல்லா ஆண்டும் இங்கே வந்து சேர்வதில்லை. ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில். கண்மாயும் ஊருணியும் நிறைவது அதில்தான். அந்த மூன்று மாதமும் போன பிறகு சொல்கிற சொல்லை முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டால், தை மாதத்தில் உழவன் வெறுங்கையோடு நிற்கும்போது எழுத என்ன சொல் மிச்சம் இருக்கும்?

'வலை பொய்த்தது' என்று கவிதையில் எழுதலாமா? (பாம்பன்)

எழுவாயைப் பாருங்கள். வலை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வெறும் வலையோடு கரையேறுகிறவர் 'இன்னைக்குப் பாடு இல்லை' என்பார், அதையே எழுதுங்கள். பருவத்தில் வர வேண்டிய மீன் வராமலே போனால் 'கடல் பொய்த்தது' எனலாம்.

'மழை பொய்த்தது', ஒற்று மிகுமா? (தொண்டி)

மிகாது. எழுவாய்த் தொடர்.

பொய் பற்றி எல்லாம் விளக்கவும். (ஊர் எழுதவில்லை)

ஒரு வாக்கியத்தை எழுதி, எங்கே சந்தேகம் என்று கேளுங்கள்.

பொய்க்கால் குதிரையில் என்ன பொய்? (திருப்புல்லாணி)

அங்கே பொய் என்றால் செயற்கை. பொய்ப்பல்லும் அப்படித்தான், ஏமாற்று என்ற பொருள் இல்லை.

'பொய்யாமொழி' எப்படிப் பிரியும்? (ஏர்வாடி)

பொய்யாத மொழி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். திருக்குறளுக்கும் அது ஒரு பெயர்.