சொன்ன கிழமையில் வந்து நிற்பவர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகு மன்னார்குடி வீட்டில் தனியாக இருக்கிறார். 'எங்களோடு வந்துடும்மா' என்று எத்தனை முறை கூப்பிட்டும் 'என் வீட்டில் இருக்கிறேன், விடு' என்கிறார். அங்கேயே அவருக்கு உதவி கிடைக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: உண்டு. ஆனால் முதலில் அம்மாவிடம் கோபப்படுவதை நிறுத்துங்கள். தெரிந்த கடையில் காய் வாங்கி, வாசலில் போகிறவர் வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசிப் பழகியவருக்கு, மொழி தெரியாத ஊரில் நாலாவது மாடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தனிமை.

14567 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. ஓய்வூதியச் சிக்கல், சட்ட ஆலோசனை, மனசு சரியில்லை என்று பேச ஆள் வேண்டும் என்பது வரை கேட்கலாம். அம்மா பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றி விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்த திட்டம் இது. அந்தந்தப் பகுதிப் பெண்களே தன்னார்வலர்களாக வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், தேவைப்பட்டவர்களுக்கு பிசியோதெரபியும் வீட்டிலேயே நடக்கிறது. ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் 'தாயுமானவர்' திட்டமும் 2025 ஆகஸ்டில், 70 வயதைத் தாண்டியவர்களுக்காகத் தொடங்கியது. இதில் குடும்ப அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள், உங்கள் பெயர் இன்னும் அம்மாவின் அட்டையில் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வருவார். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டிலேயே அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது, கிளையில் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

சரி, இத்தனையும் கிடைத்தாலும் ஃபியூஸ் போன பல்பை மாற்றவும், கண் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் உட்காரவும் ஆள் வேண்டுமே. அதற்கு எந்த எண்ணும் கிடையாது, ஊரில்தான் தேட வேண்டும். அடுத்த முறை போகும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, அக்கம்பக்கத்தில், நூலகத்தில், கல்லூரி என்எஸ்எஸ் பொறுப்பாசிரியரிடம் நேரில் பேசுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்காக அவர் இல்லாமல் பேச வேண்டாம்.

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் ஐந்து பேர், எங்கள் பகுதியில் தனியாக வாழும் முதியவர்களுக்கு உதவ நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நல்ல காரியம், அதனால்தான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். என் அத்தை வீட்டுக்கு ஒரு குழுவினர் இப்படித்தான் வந்தார்கள். முதல் மாதம் ஞாயிறுதோறும் பழம், பிஸ்கட், போட்டோ. அத்தையும் ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கூடுதலாகப் பால் வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாவது மாதம் யாரும் வரவில்லை, வரமாட்டோம் என்று ஒரு போன்கூட இல்லை. அதற்கு முன்பு ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போய்க்கொண்டிருந்தவர், அந்தப் பழக்கமும் விட்டுப்போய், பல வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பேரால் ஐந்து வீடுதான் முடியும் என்றால் ஐந்தோடு நில்லுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம். வர முடியாவிட்டால் முதல் நாளே போன்.

பாலக்காடு தாண்டினால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, 1990களின் கடைசியில் மலப்புரம் பக்கம் ஊர் மக்களின் கைக்கே போனது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், டாக்டரும் நர்சும் பின்னால் நின்றார்கள், செலவுக்கு ஊரிலேயே சின்னச் சின்னத் தொகையாகச் சேர்த்தார்கள். அது தீராத நோயாளிகளுக்கானது என்றாலும், பக்கத்துத் தெருக்காரரே வருவது, வருமுன் பயிற்சி பெறுவது என்ற இரண்டும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

அப்புறம் பணம். ஏடிஎம் அட்டை, பின் நம்பர், நகை, பத்திரம் எதையும் கையால் தொடாதீர்கள், அவர்களே நம்பிக் கொடுத்தாலும் சரி. மருந்து வாங்கிக் கொடுத்தால் ரசீதும் மீதிச் சில்லறையும் அன்றைக்கே. முதல் முறை இருவராகப் போங்கள், அவருடைய பிள்ளைகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ உங்கள் பெயரும் எண்ணும் தெரிந்திருக்கட்டும். இன்னொன்று, அவர் செய்யக்கூடிய வேலையை நீங்கள் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கீரை ஆய அவருக்கு அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு கட்டு ஆயுங்கள். பாத்ரூமில் வழுக்காத மிதியடி போடுவது, சுவரில் கைப்பிடி அடிப்பது, இரவில் எரிய ஒரு சின்ன விளக்கு, இவை அவரால் முடியாதவை, அங்கே உங்கள் கை வேண்டும்.

கேள்வி: 'முன்பின் தெரியாதவன் வீட்டுக்குள் எதற்கு?' என்கிறார் என் 82 வயது அப்பா. எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– ஒரு வாசகி, நெல்லை

பதில்: அவர் கேட்பது நியாயம்தானே. உதவிக்கு ஆள் வருகிறது என்று சொல்லாதீர்கள். அப்பா வாத்தியாராக இருந்தாரா, கணக்கு எழுதினாரா, சதுரங்கம் ஆடுவாரா? அதைக் கற்றுக்கொள்ள ஒரு பையன் வரட்டும், திண்ணையிலேயே உட்காரட்டும். உள்ளே வா என்று அப்பா கூப்பிடும்வரை உள்ளே போக வேண்டாம் என்று பையனிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.