மேண்டலினில் பழைய ஃபிடில் மெட்டுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயலினுக்கும் மேண்டலினுக்கும் ஒரே ஸ்ருதி அமைப்புதான் (ஜி, டி, ஏ, ஈ). புத்தகத்தில் உள்ள அப்பலாச்சியன் (கிழக்கு அமெரிக்க மலைப் பகுதி) ஃபிடில், அதாவது நாட்டுப்புற வயலின், மெட்டுகளை ஒரு சுரம் பிசகாமல் வாசிக்கிறேன். ஆனாலும் ஃபிடில்காரர்கள் வாசிப்பில் இருக்கும் துள்ளல் வரவில்லை. எங்கே குறை?

பதில்: இடது கையில் குறை இல்லை, வலது கையில் இருக்கிறது. அந்த மலைப் பகுதி இசையில் பாதி உயிர் வில்லின் அசைவில்தான். புத்தகத்தில் சுரம் இருக்கும், வில் இருக்காது.

ஃபிடிலில் அடிக்கடி வரும் வில்லோட்டம் 'நீளம், குட்டை, குட்டை'. வாயால் சொன்னால் 'தாம் தக, தாம் தக'. 'தாம்' அரைத் தட்டு, 'தக' மீதி அரைத் தட்டு. கம்பியை மீட்டும் பிக்கை எடுத்து, சுரம் எதையும் பிடிக்காமல் திறந்த டி, ஏ கம்பிகளில் இதை மட்டும் ஐந்து நிமிடம் அடியுங்கள். 'தாம்' டவுன் (கீழ்நோக்கி அடி), 'த' டவுன், 'க' அப் (மேல்நோக்கி அடி). முதல் டவுனுக்கும் இரண்டாவது டவுனுக்கும் நடுவே கை மேலே வந்தாக வேண்டும், ஆனால் கம்பியைத் தொடாமல். பலருக்குச் சறுக்குவது இங்கேதான். நீளமான சுரம் வந்ததும் கையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த சுரத்துக்குக் கை மறுபடி கிளம்பும்போது தாளம் இடறுகிறது. கை கடிகார ஊசல் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கட்டும், கம்பியில் படுவதும் படாததும் மெட்டின் வேலை.

அடுத்தது அழுத்தம். 'தாம்' மேல் அழுத்தாதீர்கள், 'த' மேல் அழுத்துங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு 'தாம் தக' என்று தொடங்குங்கள். நடனத்துக்கு வாசிக்கும் வேகம் 110 முதல் 120 வரை போகும். 80-இல் துள்ளாத மெட்டு 115-இலும் துள்ளாது, அவசரமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

கேள்வி: நீண்ட சுரங்களுக்கு ட்ரெமோலோ (ஒரே சுரத்தை விடாமல் வேகமாக அடிப்பது) போடலாமா?

பதில்: வேண்டாம். ட்ரெமோலோ போட்ட மாத்திரத்தில் இத்தாலியப் பாட்டு வாடை வந்துவிடும். அதே சுரத்தை 'தாம் தக'வில் திரும்ப அடியுங்கள், அல்லது பக்கத்துத் திறந்த கம்பியையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். ஃபிடில்காரர் வில்லை இரண்டு கம்பிகள் மேல் சாய்த்துச் செய்வதும் இதைத்தான்.

கேள்வி: இந்த மெட்டுகளைக் காதால்தான் கற்க வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நல்ல மூலத்திலிருந்து. வர்ஜீனியாவின் க்ளென் லின்னில் வாழ்ந்த ஃபிடில்காரர் ஹென்றி ரீட் வாசித்ததை நாட்டுப்புறவியல் ஆய்வாளர் ஆலன் ஜாபூர் 1966, 67-இல் பதிவு செய்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்தப் பதிவுகளை எவரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. வட கரோலினாவின் ரவுண்ட் பீக் பாணிக்கு டாமி ஜாரெலின் பதிவுகள் இருக்கின்றன. இப்படி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வாசிப்பைக் கலந்து கேட்டால் ஐந்துமே மனதில் நிற்காது.

கருவியைத் தொடும் முன் வாயால் முணுமுணுக்க வர வேண்டும். பிறகு காலால் தட்டி எண்ணுங்கள். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் 16 தட்டு, ஒவ்வொன்றும் இருமுறை வரும். தாழ்ந்த பகுதியைக் 'கோர்ஸ்' என்றும் உயர்ந்த பகுதியை 'ஃபைன்' என்றும் ஃபிடில்காரர்கள் சொல்வார்கள். எது முதலில் வரும் என்பது ஊருக்கு ஊர் மாறும். எண்ணும்போது 15 அல்லது 17 வந்தால் நீங்கள் தப்பாக எண்ணியிருக்கலாம். மூன்று முறை எண்ணியும் அதே எண் வந்தால் அந்த மெட்டே கோணல் மெட்டு. ஒரு தட்டு கூடவோ குறையவோ இருப்பதுதான் அதன் அழகு, 'திருத்தி' விடாதீர்கள்.

அந்த 16 தட்டை நாலு நாலாக வெட்டுங்கள். முதல் துண்டும் மூன்றாவது துண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆக, புதிதாகக் கற்க வேண்டியது மூன்று துண்டுகள்தான். ஒவ்வொரு துண்டிலும் கடைசிச் சுரத்தை முதலில் கண்டுபிடியுங்கள், அடுத்து தட்டு விழும் இடங்களில் உள்ள சுரங்களை. இந்த எலும்புக்கூடு நின்ற பிறகுதான் இடையில் ஓடும் சின்னச் சுரங்கள். நேர்மாறாகச் செய்பவர்களுக்கு வேகம் கூடியதும் மெட்டு உதிர்ந்துவிடும்.

முதல் மெட்டுக்கு 'ஏஞ்சலின் தி பேக்கர்' வசதி. டி-யைச் சட்ஜமாக வைத்தால் கிட்டத்தட்ட முழுவதும் மோகனத்தின் ஐந்து சுரங்கள். டி கம்பியில் 0, 2, 4 (ஃப்ரெட், அதாவது கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பியின் எண்; 0 என்றால் திறந்த கம்பி). ஏ கம்பியில் 0, 2, 5. ஈ கம்பியில் 0, 2, 5. இந்த ஒன்பது இடங்களுக்குள் தேடினால் காது சீக்கிரம் பிடிக்கும்.

பதிவை 60 அல்லது 70 சதவீத வேகத்துக்குக் குறைத்துக் கேளுங்கள், ஸ்ருதி மாறாத செயலியாக இருக்கட்டும். பழைய பதிவுகள் ஏ-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். இசைத்தட்டின் சுழற்சி வேகமும் காரணம், ஃபிடில்காரர் தனக்குத் தோன்றிய ஸ்ருதியில் வைத்ததும் காரணம். அதற்காக மேண்டலினைத் திருகாதீர்கள், செயலியில் பதிவின் ஸ்ருதியை நகர்த்துங்கள்.

கேள்வி: நான் கேட்ட பதிவில் ஃபிடிலை 'ஏ ஈ ஏ ஈ' என்று ஸ்ருதி சேர்த்திருப்பதாகக் குறிப்பு உள்ளது. மேண்டலினை அப்படி மாற்றினால் ஆபத்தா?

பதில்: நம் கணக்கில் அது ச, ப, ச, ப. கீழிரண்டு கம்பிகளில் பிடித்ததை அப்படியே மேலிரண்டிலும் பிடித்தால் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். எங்கே அடித்தாலும் திறந்த கம்பிகள் கூடவே அதிரும். அந்த நிறைவுக்காகத்தான் ஃபிடில்காரர்கள் இந்தச் சிரமத்தை ஏற்கிறார்கள். மேண்டலினில் இதற்கு ஜி-யை ஏ-க்கும் டி-யை ஈ-க்கும் ஏற்ற வேண்டும். ஒரு முழுச் சுரம் ஏற்றினால் கம்பியின் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும். நான்கு கம்பிகளில் இது நடக்கிறது. நல்ல நிலையில் உள்ள வளைந்த மேற்பலகை மேண்டலின் தாங்கும். பழைய குடுவை முதுகு மேண்டலினில் மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள், மேற்பலகை அமுங்கிவிடும்.

பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. ஏ-யை ஜி-க்கும் ஈ-யை டி-க்கும் இறக்குங்கள். 'ஜி டி ஜி டி' வந்துவிடும். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் கவ்வி) போட்டால் நீங்கள் கேட்ட 'ஏ ஈ ஏ ஈ'. கேப்போவைத் தேவைக்கு மேல் இறுக்கினால் ஜோடிக் கம்பிகளில் ஒன்று ஸ்ருதி ஏறி, ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து கேட்கும். ஃப்ரெட்டுக்குச் சற்றே பின்னால் வைத்து, இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

எந்த வழியானாலும், நாலு கம்பியை மாற்றியதும் மற்ற நாலும் நகர்ந்திருக்கும், ஏனென்றால் பலகை மேல் பாரம் மாறிவிட்டது. எட்டையும் இரண்டு சுற்று பாருங்கள். சுரத்துக்குக் கீழிருந்து மேலே வந்து நிறுத்துங்கள், மேலிருந்து இறக்கினால் கொஞ்ச நேரத்தில் தளரும். பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒட்டப்படாமல் நிற்பது, கம்பியை ஏற்ற ஏற்றத் தலைப்பக்கம் சாயும். பக்கவாட்டில் பார்த்து நேராக்கிவிடுங்கள்.

'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' போன்றவற்றுக்கு 'டி டி ஏ டி' வைப்பார்கள். கென்டக்கியின் ஃபிடில்காரர் வில்லியம் ஸ்டெப் 1937-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸுக்கு வாசித்துக் காட்டியதை வைத்துத்தான் இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் தன் 1942 பாலே இசையில் ஒரு பகுதியே எழுதினார். மேண்டலினில் ஜி-யை அவ்வளவு தூரம் இறக்கினால் கம்பி தொளதொளத்துக் கடகடக்கும். ஈ-யை மட்டும் டி-க்கு இறக்கிக்கொண்டு, கீழ் டி-யை மேண்டலின் குடும்பத்தின் பெரிய கருவியான மேண்டோசெல்லோவிடம் விடுங்கள். அதன் திறந்த டி கம்பி அதே ஸ்தாயியில் இருக்கிறது.

கேள்வி: 'க்ளக் ஓல்ட் ஹென்' போன்ற ஏ மெட்டுகளில் காந்தாரம் சிலருக்கு சி, சிலருக்கு சி ஷார்ப். எது சரி?

பதில்: பழைய ஃபிடில்காரர்கள் பலர் இரண்டுக்கும் நடுவில் விரல் வைத்தார்கள். ஃப்ரெட் உள்ள கருவியில் அந்த இடமே கிடையாது. ஏ கம்பியில் 3-ஆம் ஃப்ரெட்டில் அடித்து உடனே 4-க்கு வழுக்கினால் கிட்டத்தட்ட அந்த ருசி வரும். மெதுவாக வழுக்கினால் ப்ளூஸ் ஆகிவிடும், கவனம். கிடார்காரர் பக்கத்தில் இருந்தால் ஏ மேஜரும் வேண்டாம், ஏ மைனரும் வேண்டாம், காந்தாரம் இல்லாமல் ஏ, ஈ இரண்டை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் மைனர் கார்ட் போட்டால் மெட்டு அழ ஆரம்பித்துவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் மேண்டலினைவிடப் பெரிய மேண்டலா, ஆக்டேவ் மேண்டலின், மேண்டோசெல்லோ மூன்றும் உள்ளன. எல்லோரும் மெட்டையே வாசிக்கலாமா?

பதில்: வாசிக்கலாம், ஒரே மாதிரி வாசிக்க முடியாது.

மேண்டலாவின் ஸ்ருதி சி, ஜி, டி, ஏ. மேண்டலின் விரலமைப்பை அப்படியே போட்டால் ஒரு பஞ்சமம் கீழே விழும். டி மெட்டு ஜி-யில் கேட்கும். அதன் மேல் மூன்று கம்பிகள் மேண்டலினின் கீழ் மூன்று கம்பிகளேதான். ஆகவே விரலமைப்பை ஒரு கம்பி நகர்த்திக்கொள்ளுங்கள். மேண்டலினில் ஈ கம்பிக்குப் போகும் இடம் வந்தால் மேண்டலாவில் ஏ கம்பியின் 7-ஆம் ஃப்ரெட்டுக்கு ஏற வேண்டும். அல்லது அந்தப் பகுதியை ஒரு ஸ்தாயி கீழே வாசியுங்கள், இதுவே கேட்க நன்றாக இருக்கும்.

ஆக்டேவ் மேண்டலினில் விரலமைப்பு மாறாது, கம்பி நீளம்தான் எதிரி. மேண்டலினில் 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, இங்கே 20 முதல் 23 வரை. ஒரு விரலுக்கு இரண்டு ஃப்ரெட் என்ற மேண்டலின் கணக்கை இதில் வேகமாகப் போட்டால் மணிக்கட்டு வலிக்கும். ஓடும் சுரங்களைக் கழித்து, முன்பு சொன்ன எலும்புக்கூட்டை மட்டும் திறந்த கம்பிகளோடு வாசியுங்கள். நான்கு கருவிகளும் ஒரே சுரக்கூட்டத்தைக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். மேண்டோசெல்லோவுக்குத் தட்டின் தொடக்கத்தில் ஒரு கீழ்ச் சுரம் போதும்.

இன்னொன்று. நாலு விரலால் கார்டை அமுக்கி, அடித்ததும் ஒலியைக் கொல்லும் 'சாப்', புளூகிராஸ் என்ற வேறு பாணியின் பழக்கம். பழைய பாணிக் கூட்டத்தில் அது முரசு போல உறுத்தும். கம்பிகள் திறந்து ஒலிக்கும் கார்டுகளையே பிடியுங்கள். தனி ஆவர்த்தனமும் கிடையாது, எல்லோரும் மெட்டைச் சேர்ந்து சுற்றுவார்கள்.

கேள்வி: கற்ற மெட்டைக் குழுவினருடன் பகிர என்னென்ன அனுப்ப வேண்டும்? உரிமைப் பிரச்சினை வருமா?

பதில்: இரண்டு பதிவுகள் போதும். நிமிடத்துக்கு 60, 65 வேகத்தில் அலங்காரம் இல்லாமல் ஒருமுறை, வாசிக்கும் வேகத்தில் மூன்று சுற்று. தொடக்கத்தில் நாலு 'தாம் தக' போடுங்கள். ஃபிடில்காரர்கள் இதை 'நாலு உருளைக்கிழங்கு' என்பார்கள். வேகமும் ஸ்ருதியும் அதிலேயே தெரிந்துவிடும். கைபேசியை இரண்டடி தள்ளி, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் இரைச்சலாகக் குழம்பும். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது கம்பியின் அதிர்வு நீள்வதையே இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

டேப் (ஃப்ரெட் எண்களால் எழுதும் குறிப்பு) எழுதுவதானால் எலும்புக்கூட்டை மட்டும் எழுதுங்கள். எல்லா வழுக்கலையும் எழுதினால் படிப்பவர் அதையே மனப்பாடம் செய்து உறைந்துபோவார். ஸ்ருதி அமைப்பு, யாருடைய வாசிப்பிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டுப் பதிவு, நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று நான்கு வரி சேருங்கள்.

மரபு மெட்டுக்கு உரிமைத் தொல்லை இல்லை. பழசு போலக் கேட்பதெல்லாம் மரபு இல்லை என்பதுதான் சிக்கல். 'அஷோகன் ஃபேர்வெல்' அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள், ஜே உங்கர் 1982-இல் இயற்றியது அது. மாறாக 'ஏஞ்சலின்' 1850-இல் வெளியான ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் பாடலிலிருந்து வந்தது, இன்று எல்லோருக்கும் சொந்தம். மெட்டு பொதுச்சொத்தாக இருந்தாலும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அமெரிக்காவில் 1923-க்கு முன் வெளியான பதிவுகள் 2022 ஜனவரி 1-இல் விடுபட்டன, அடுத்தடுத்த ஆண்டுப் பதிவுகள் பின்னர் படிப்படியாக. சந்தேகம் இருந்தால் மூலப் பதிவை அனுப்பாமல் நீங்கள் வாசித்ததை மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: கூட்டமாக வாசிக்கும்போது மெட்டு எப்போது முடியும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தொடங்கியவர் கடைசிச் சுற்றில் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அந்தப் பகுதியை முடித்து எல்லோரும் நிறுத்துவார்கள். அவர் கால் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.