தன்பாலீர்ப்பினரைப் பற்றிய கதைகளை எப்படி எழுதுகிறீர்கள்? எங்கிருந்து தொடங்குவீர்கள்?

கேட்டவர் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: "நீங்கள் திருமணமான பெண். உங்களுக்கு எப்படி இந்த வாழ்க்கை தெரியும்?" நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை விட்டு ஓர் அடி கூட வெளியே போகாமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் எழுதிய முதல் கதை ஒரு மருத்துவமனைப் படிவத்திலிருந்து பிறந்தது. 2014 பிப்ரவரியில் என் தாய்மாமாவுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை. மாமா திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய நண்பர் ஒருவர், பள்ளி ஆசிரியர், இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே வீட்டில் இருந்தார். வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'வாத்தியார் மாமா'. அன்று படிவத்தை நிரப்பியவர் அவர்தான். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிறகு 'தம்பி' என்று எழுதினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படித்துவிட்டு, "இனிஷியல் வேறாக இருக்கிறதே?" என்றார். "சித்தி மகன்" என்றார் வாத்தியார் மாமா. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அந்த வேகம்தான் என்னை எழுத வைத்தது. சித்தி மகன் என்றால் தம்பி முறைதான். அப்பா வேறு என்பதால் இனிஷியலும் வேறாகத்தான் இருக்கும். யாரும் மேற்கொண்டு கேட்க முடியாத பதில். வீடு வாடகைக்குப் பிடித்தபோது, கேஸ் இணைப்பு வாங்கியபோது, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்தபோது என்று எத்தனை முறை சொல்லிச் சொல்லி அது அவ்வளவு வழுவழுப்பாக ஆகியிருக்கும்! அந்தப் பெண் படிவத்தை என் பக்கம் திருப்பி, "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள், சொந்த அக்கா மகள்தானே" என்றார். போட்டேன். வாத்தியார் மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா 2017இல் இறந்தார். அதன்பின் ஒருநாள் வாத்தியார் மாமாவிடம், "எழுதட்டுமா?" என்று கேட்டேன். "ஊரை மாற்றிவிடு" என்று மட்டும் சொன்னார். மாற்றினேன். இங்கே சொல்வதும் அவருக்குத் தெரிந்துதான்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் முடிவு செய்வது கதை நடக்கும் ஆண்டை. மற்றக் கதைகளில் அதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில்லை. இந்தக் கதைகளிலோ ஆண்டு மாறினால் மனிதர்கள் கதவைச் சாத்தும் விதமே மாறிவிடும். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவிலிருந்து இவர்களுக்கு விடுதலை கொடுத்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. நாங்கள் மருத்துவமனையில் நின்றது, பறித்து இரண்டு மாதம்கூட முழுதாகக் கழிந்திராத நேரத்தில். படிவத்தின் அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதுவது, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய ஒரு சட்டப் பிரிவின் நிழலில் கையெழுத்துப் போடுவது. இது எனக்கு அன்று தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது, பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவர். கதையில் ஒரு டிசம்பர் காலையை வைத்தேன்: பத்திரிகை வருகிறது, ஒருவர் படித்துவிட்டு நான்காக மடித்து அரிசி டப்பாவுக்குக் கீழே வைக்கிறார், மற்றவர் "இன்று பேப்பர் வரவில்லையா?" என்று கேட்கவே இல்லை. சட்டத்தைப் பற்றிக் கதையில் இருப்பது அவ்வளவுதான்.

அடுத்து, யார் யாரை எப்படி அழைப்பது. இதில்தான் மாதக்கணக்கில் நின்றுவிட்டேன். மாமாவின் நண்பர்கள் ஒருவரை ஒருவர் 'மாப்பிள்ளை', 'மச்சான்' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் ஆண்கள் சர்வ சாதாரணமாகப் புழங்கும் சொற்கள். இரண்டுமே கல்யாண உறவில் வரும் சொற்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அப்படி அழைத்து நான் கேட்டதே இல்லை. வீட்டிலும் 'சார்', வெளியிலும் 'சார்'. சிறுவயதில் அதை மரியாதை என்று நினைத்தேன். எழுதும்போதுதான் உறைத்தது. மற்றவர்களுக்கு அது விளையாட்டு, அதனால் சொல்ல முடிந்தது. இவர்களால் அதை விளையாட்டாகச் சொல்ல முடியாது. கதையில் நண்பர்கள் கூடும் ஒரு காட்சியில் எல்லோரும் மாப்பிள்ளை, மச்சான் என்று சத்தம் போட, இவர் மட்டும், "சார், உங்களுக்குக் காபி ஆறுகிறது" என்கிறார். எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

தமிழ் வினைமுற்றும் சும்மா விடாது. வந்தான், வந்தாள் என்று பாலைச் சொல்லியே தீரும். நான், நீ என்று வைத்துக்கொண்டால் தப்பித்துக்கொள்ளலாம். தன்மையிலும் முன்னிலையிலும் ஆண் பெண் வேறுபாடு கிடையாது. முதல் வரைவை அப்படித்தான் எழுதினேன். 'நீ வந்தாய், நீ சிரித்தாய்' என்று போய்க் கடைசி வரியில்தான் 'நீ' ஓர் ஆண் என்று தெரியும். படித்த தோழி கை தட்டினாள். எனக்கு ஒரு வாரம் பெருமை, அப்புறம் ஒரே அருவருப்பு. இரண்டு பேர் வாழ்நாள் முழுக்க ஒளித்து வைத்ததை நானும் பதினொரு பக்கம் ஒளித்து வைத்து, வாசகர் திடுக்கிடுவதற்காகக் கடைசியில் அவிழ்த்துக் காட்டியிருக்கிறேன். கிழித்துப் போட்டேன். புதிய வரைவின் முதல் வாக்கியத்திலேயே இரண்டு ஆண்கள் ஒரே குடையில் நடந்து வருகிறார்கள். பெயர் மட்டும் வைக்கவில்லை. அகப்பாடலில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறதல்லவா? இவர்களுடையதும் அகம்தான் என்று அந்த விதியை இவர்களுக்கும் கொடுத்தேன்.

அவர்களை என்ன சொல்லிக் குறிப்பது என்பதற்கு வந்த விடையும் அதுவே. இன்று நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (ஆங்கிலத்தில் queer), திருநம்பி (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்). சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் தமிழ்நாடு அரசே 2022இல் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. கட்டுரைகளில் அவற்றை விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் 2014இல் ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்த இரண்டு நடுவயது ஆண்களின் காதில் விழுந்திருக்கக்கூடியவை வசைகள் மட்டுமே. அதனால் கதையில் எந்தச் சொல்லும் இல்லை.

வரைவை வாத்தியார் மாமாவிடம் கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்தார். வீட்டில் இரண்டு கட்டில்கள், ஊருக்காகப் போட்டது ஒன்று, யாரும் படுக்காதது என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. "கட்டிலைப் போட்டால் போதுமா? காலை ஆறரைக்கு வேலைக்கார அம்மா வருவார். அதற்குள் எழுந்து இரண்டாவது கட்டிலின் விரிப்பைக் கசக்கி வைக்க வேண்டும், தலையணையில் ஒரு பள்ளம் அழுத்த வேண்டும். ஒருநாள் நான், ஒருநாள் அவர்" என்றார். நான் நூறு நாள் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது. கேள்வியின் இரண்டாவது பாதிக்கு என் பதில் இதுதான். வாழ்ந்தவரிடம் வரைவைக் கொடுக்காமல் இந்தக் கதைகளை அச்சுக்கு அனுப்புவதில்லை.

முடிவைப் பற்றி அவருக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்தது. ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913இல் தொடங்கி 1914இல் முடித்த 'மாரிஸ்' நாவலில் இரண்டு ஆண்களைச் சேர்த்து வைத்தார். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தூக்கிலோ தற்கொலையிலோ முடித்திருந்தால் வெளியிடுவதில் சிக்கல் இருந்திருக்காது என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் இறந்தது 1970, நாவல் வெளிவந்தது 1971. இதைப் படித்ததிலிருந்து இவர்களில் யாரையும் சாகடிப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். என் மாமா இறந்தது உண்மைதான். கதையில் அவர் பிழைத்து வீட்டுக்கு வருகிறார். அதோடு நிற்காமல் படிவத்தையும் மாற்ற ஆசைப்பட்டேன். கதையிலாவது அந்தக் கட்டத்தில் அவர் உண்மையை எழுதட்டும் என்று நினைத்தேன். வாத்தியார் மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "நான் தம்பி என்றுதானம்மா எழுதினேன். நீ அதை மாற்றினால், அன்று எழுதிய நான் கோழையாகிவிடுவேன்" என்றார்.

அதனால் படிவம் அப்படியே இருக்கிறது. மகிழ்ச்சியை வேறோர் இடத்தில் வைத்தேன். மாமா வீடு திரும்பும் வாரம் வேலைக்கார அம்மா தன் பேத்தியின் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். பத்து நாள் வரமாட்டார். பத்து நாளும் அந்த இரண்டாவது கட்டிலின் விரிப்பு, இஸ்திரி போட்ட மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.