வேதாகமக் கேள்வி-பதில்: பிசாசிடம் பேர் கேட்கலாமா?

கேள்வி: பிசாசு பிடித்தவர்களுக்காக விடுதலை ஜெபம் நடத்துகிற சிலர், "உன் பேர் என்ன, எப்போது வந்தாய், யார் அனுப்பினது?" என்று ஆவியை மணிக்கணக்கில் விசாரிக்கிறார்கள். இயேசுவே பேர் கேட்டாரே என்கிறார்கள். சரியா?

பதில்: கேட்டார், ஒரே ஒரு சம்பவத்தில் (மாற்கு 5:9, லூக்கா 8:30). ஆனால் ஒரு வசனம் முன்னே போய்ப் பாருங்கள். "புறப்பட்டுப் போ" என்ற கட்டளை 8ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. பேர் தெரிந்தால்தான் பிசாசு போகும் என்பதற்கு இந்தப் பகுதியில் ஆதாரம் இல்லை. கிடைத்த "லேகியோன்" என்ற பதிலும் பேர் என்று சொல்லத்தக்கதல்ல. லேகியோன் என்பது ஏறக்குறைய 5,000 வீரர் கொண்ட ரோமப் படைப்பிரிவு. "நாங்கள் அநேகர்" என்று எண்ணிக்கையைத்தான் அது சொல்கிறது.

மற்ற இடங்களில் நடப்பது நேர் எதிர். கப்பர்நகூம் ஜெபஆலயத்தில் (மாற்கு 1:23-26) ஆவி தானாகவே வாய் திறக்கிறது. "நீர் தேவனுடைய பரிசுத்தர்" என்று உண்மையைத்தான் சொல்கிறது. அப்படியும் இயேசு அதைப் பேசவிடவில்லை. பிலிப்பியில் குறிசொல்லும் பெண் பவுலைப் பற்றிக் கூவினதும் உண்மைதான் (அப்போஸ்தலர் 16:16-18). பவுல் அதை இலவச விளம்பரமாக எடுத்துக்கொள்ளாமல் ஒரே வாக்கியத்தில் ஆவியைத் துரத்திவிட்டார். உண்மை பேசினபோதே வாயடைக்கப்பட்டதை நாம் சாட்சிக் கூண்டில் ஏற்றி, "யார் அனுப்பினது?" என்று கேட்கிறோம். பொய்க்குப் பிதாவானவனின் கூட்டத்திடமிருந்து (யோவான் 8:44) வரும் பதிலை நம்பி உறவுகளை முறித்துக்கொள்வதுதான் மிச்சம். இன்னொன்றும் உண்டு: பயந்து களைத்துப்போன ஒருவரைத் திரும்பத் திரும்பக் கேட்டால், கேட்கிறவர் எதிர்பார்க்கிற பதிலையே அவர் சொல்லத் தொடங்குவார்.

கட்டளை சுருக்கமாக, இயேசுவின் நாமத்தில் இருந்தால் போதும். சத்தம் கூடுவதால் அதிகாரம் கூடாது. அடிப்பது, கட்டிவைப்பது, முடியைப் பிடித்து உலுக்குவது எதுவும் இயேசு செய்ததல்ல. மாற்கு 5இல் லேகியோன் பிடித்தவனுக்குச் சங்கிலி போட்டவர்கள் வேறு மனிதர்கள், அதுவும் பலிக்கவில்லை.

கேள்வி: பாதிக்கப்பட்டவர் மூன்று நாள் உபவாசம் இருந்தால்தான் விடுதலை என்கிறார்களே?

பதில்: "இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது" என்ற மாற்கு 9:29ஐ வைத்துச் சொல்கிறார்கள். அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்பட்டது? துரத்த முடியாமல் தோற்ற சீஷரிடம். பிசாசு பிடித்த பையனிடமும் அல்ல, அவன் தகப்பனிடமும் அல்ல. மேலும் "உபவாசத்தினாலும்" என்ற சொல் சீனாய், வத்திக்கான் ஆகிய 4ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளின் மூலவாசகத்தில் இல்லை. அதனால் பல புதிய மொழிபெயர்ப்புகளில் "ஜெபத்தினால்" மட்டுமே இருக்கும். ஜெபிக்கிறவர்கள் உபவாசிக்கட்டும். பலவீனமானவருக்குச் சாப்பாடும் தூக்கமும் கொடுங்கள்.

கேள்வி: வலிப்பு வந்தால் அது நோயா, ஆவியா?

பதில்: அறிகுறியை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேதமே இடம் கொடுக்கவில்லை. மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்பு நோயாளிகளையும்) தனித்தனியாகச் சொல்கிறது. 17ஆம் அதிகாரத்திலோ சந்திரரோகியான ஒரு பையனிடமிருந்து பிசாசு துரத்தப்படுகிறது. மாற்கு 7:32-35இல் குணமாகும் செவிடனைப் பற்றிச் சொல்லும்போது எந்த ஆவியும் குறிப்பிடப்படவில்லை. 9:25இல் "ஊமையும் செவிடுமான ஆவி" வருகிறது. குறை ஒன்றுதான், காரணம் வேறு.

ஆகவே மருத்துவர்தான் முதலில். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வலிப்பின்போது அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் நோயா என்று முதலில் உறுதிசெய்யச் சொல்கிறது. அங்கே ஆயரின் அனுமதி பெற்ற குருவைத் தவிர வேறு யாரும் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது (திருச்சபைச் சட்டம் 1172).

கேள்வி: யோவான் சுவிசேஷத்தில் இயேசு பிசாசு துரத்திய சம்பவங்கள் எத்தனை?

பதில்: ஒன்றுகூட இல்லை. ஆனால் 12:31இல் "இந்த உலகத்தின் அதிபதி புறம்பாகத் தள்ளப்படுவான்" என்கிறார். மற்ற சுவிசேஷங்களில் பிசாசைத் துரத்துவதற்கு வரும் அதே கிரேக்க வினைச்சொல்தான் அங்கேயும்.

கேள்வி: விடுதலை கிடைத்த சில வாரங்களில் பழையபடி ஆகிவிடுகிறதே, ஏன்?

பதில்: மத்தேயு 12:43-45ஐப் படியுங்கள். ஒரு மனிதனை விட்டுப் போய்த் திரும்பி வந்த ஆவி கண்ட வீடு (அந்த மனிதன்தான்) பெருக்கி ஜோடிக்கப்பட்டுத்தான் இருந்தது, குப்பையாக இல்லை. ஆனால் வெறுமையாக இருந்தது. (இயேசு இதை அந்தச் சந்ததி முழுவதையும் குறித்துச் சொன்னார் என்பதையும் மறக்க வேண்டாம்.) பெரும்பாலும் துரத்துவதில் காட்டுகிற சிரத்தையில் பாதிகூட அதற்குப் பின் இருப்பதில்லை. குறியும் மந்திரமும் சார்ந்த பொருள் வீட்டில் இருந்தால் அகற்றுங்கள். எபேசுவில் எரித்த மந்திரப் புஸ்தகங்களின் விலை 50,000 வெள்ளிக்காசு (அப்போஸ்தலர் 19:19). தினமும் ஒருவர் உடனிருந்து வேதம் வாசித்து ஜெபியுங்கள். உடனே மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்காதீர்கள். அது அவரை மறுபடியும் வேடிக்கைப் பொருளாக்கும். லேகியோன் நீங்கினவன் இயேசுவோடே இருக்கக் கெஞ்சினான். அவர் அதற்கு இடங்கொடாமல், அவனை அவன் வீட்டாரிடத்திற்கே அனுப்பினார்.